முதலில் பிளாஸ்க்கைத் திற

வானொலி நேயர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மான் வேட்டையைப் பற்றிப் பேச ஒருவரைக் கூப்பிட்டிருக்கிறார்களே என்று சிலர் முகம் சுளித்திருப்பீர்கள். நியாயம்தான். நம் நாட்டில் 1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. இன்றைக்கு ஒரு புள்ளிமானைச் சுட்டால் சிறைதான். நான் சொல்லப்போவது அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்துக் கதை. பிழைப்புக்காகப் போய் அங்கேயே தங்கிவிட்டவன் நான். அங்கே வெள்ளைவால் மான்கள் பத்து லட்சத்துக்கும் மேல். சோளக்காட்டை மேயும், ராத்திரியில் கார் முன்னால் வந்து குதிக்கும். நவம்பர் நான்காவது வியாழக்கிழமை அமெரிக்கர்களின் நன்றி சொல்லும் பண்டிகை. அதற்கு முந்தைய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் துப்பாக்கி வேட்டை. ஐந்து லட்சத்துக்கும் அதிகமானவர்கள் உரிமம் வாங்கிக்கொண்டு காட்டுக்குப் போவார்கள். தீபாவளி விடியற்காலை மாதிரி நாலு மணிக்கே வீட்டுக்கு வீடு விளக்கு எரியும்.

ஆனால் சுடுவதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. அது ஒரு நொடி வேலை. சுட்ட பிறகு மான் ஓடிப்போகிறதே, அப்புறம் நடப்பதைப் பற்றித்தான் எனக்குப் பேச்சு. சினிமாவில் சுட்டதும் விழுந்துவிடும். நிஜத்தில் பெரும்பாலும் விழாது. நெஞ்சில் பட்ட மான்கூடக் கண்ணுக்கு மறைகிற தூரம் ஓடும். ஓடியதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியது சுட்டவன் கடன். கண்டுபிடிக்காமல் வீட்டுக்கு வந்து சாப்பிட உட்கார்ந்தால் சோறு இறங்காது.

எனக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் பக்கத்துப் பண்ணைப் பெரியவர். எண்பதை நெருங்கியவர், அதிகம் பேசமாட்டார். முதல் வருஷம் என்னைப் பரணில் ஏற்றிவிட்டு ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "சுட்டதும் முதலில் பிளாஸ்க்கைத் திற." காப்பியை ஊற்றி, ஊதி ஊதிக் குடி. குடித்து முடிக்கும் வரை இறங்காதே. அவ்வளவுதான் அவர் பாடம். கேட்டதும் சிரித்தேன். சிரித்ததற்கு விலை கொடுத்த கதை பின்னால் வருகிறது.

எதற்கு இந்தக் காத்திருப்பு? காயம்பட்ட மானைத் துரத்தாமல் விட்டால் அது வெகுதூரம் போவதில்லை. மறைவான இடம் கிடைத்ததும் படுத்துவிடும். படுத்த இடத்திலேயே அடங்கிவிடும். ஆள் வருகிற சத்தம் கேட்டால் எழுந்துவிடும். அப்புறம் ஒரு மைலோ இரண்டு மைலோ, யாருக்குத் தெரியும். அந்த இரண்டாவது ஓட்டத்தில் பல சமயம் ரத்தம்கூடச் சிந்தாது. வயிற்றில் பட்டிருந்தால் குடலும் கொழுப்பும் வந்து ஓட்டையை அடைத்துக்கொள்ளும். விலாவின் மேல்பக்கம் பட்ட காயத்திலும் இதே தொல்லை உண்டு. குடத்தின் கழுத்தில் ஓட்டை விழுந்தால் அதுவரை நிரம்பினால்தானே வழியும்? உடம்புக்குள்ளேயே ரத்தம் நிரம்பிக்கொண்டிருக்கும், தரையில் ஒரு சொட்டு இருக்காது. "படவே இல்லை போலிருக்கிறது" என்று திரும்பிப் போகிறவர்கள் உண்டு. பாவம், மான் நூறு அடி தள்ளிக் கிடக்கும்.

எவ்வளவு நேரம் காத்திருப்பது? அதை ரத்தம் சொல்லும். படம் போட்டுக் காட்ட இங்கே வழியில்லை. தேவையும் இல்லை, கறிக்கடைக்குப் போய்ப் பழகியவர்களுக்குப் பாதி தெரிந்த விஷயம்தான். இளஞ்சிவப்பாக, பொடிப்பொடிக் குமிழோடு, பால் நுரை மாதிரி இருந்தால் நுரையீரல். மூச்சுக்காற்று கலந்த ரத்தம் அது. அரை மணி நேரம் போதும், மான் பக்கத்திலேயே கிடக்கும். கறிக்கடைக்காரர் தட்டில் ஈரல் வைத்திருப்பாரே, அந்தக் கருஞ்சிவப்பு என்றால் பட்டது ஈரலில்தான். நாலு மணி நேரமாவது வேண்டும். தண்ணீராக, பழுப்பும் பச்சையுமாக, அரைபட்ட தழைத் துணுக்கோடு இருந்தால் வயிறு. சந்தேகமாக இருந்தால் விரலில் எடுத்து மோந்து பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குடல் கழுவும் வீட்டில் வருமே, அந்த வாடை. அதற்கு எட்டு மணி நேரம், பன்னிரண்டு மணி நேரம்கூட. பிளாஸ்க் எல்லாம் போதாது, வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

ரத்தம் தரையில் காய்வதற்கு முன்பே மானின் உடம்பு ஒரு சேதி சொல்லிவிடும். நெஞ்சில் பட்டது துள்ளிக் காலை உதைத்துத் தலைதெறிக்க ஓடும். வயிற்றில் பட்டது முதுகை வளைத்துக்கொண்டு, வாலைத் தொங்கவிட்டு, வயிற்றுவலிக்காரன் மாதிரி நடந்து போகும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதைக்கு வேண்டும்.

என் மகளுக்கு அப்போது பதினொரு வயது. அந்த மாநிலத்தில் உரிமம் உள்ள பெரியவர் ஒருவர் கை எட்டும் தூரத்தில் கூடவே இருந்தால் குழந்தைகளும் வேட்டையாடலாம். 2017-இலிருந்து அதற்குக் குறைந்தபட்ச வயது என்றுகூட ஒன்று கிடையாது. அது சரியா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பதினொன்று வரை அவளைத் துப்பாக்கியைத் தொட விடவில்லை. துப்பாக்கிப் பருவத்தில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறத்தில் மேல்சட்டை போட வேண்டும், சட்டம். 2016-இல் பளிச்சென்ற ரோஸும் போடலாம் என்று மாற்றினார்கள். என் மகள் ரோஸ். இருட்டில்கூட எரிகிற நிறம். மானுக்குத் தெரிந்துவிடாதா என்றால், மானின் கண்ணில் நிறம் பிரிக்கும் அணுக்கள் இரண்டு வகைதான். சிவப்பும் ஆரஞ்சும் அதற்கு எடுப்பாகத் தெரியாது.

இந்த விஷயத்தில் நானும் மான்தான். சிவப்பும் பச்சையும் எனக்குச் சரியாகப் பிரியாது. கல்யாணத்துக்கு முன்பு பச்சைப் புடவை என்று நினைத்து அரக்குப் புடவை வாங்கிக் கொடுத்தவன். ரத்தம் தேடுகிற வேலைக்கு இப்படி ஒரு கண்!

சரி, அன்று காலை. பனி இல்லை. பனி பெய்திருந்தால் வெள்ளைத் துணியில் குங்குமம் மாதிரி தெரியும், குருடனும் பின்தொடரலாம். அன்று வெறும் சருகு. அதுவும் மேப்பிள் இலைச் சருகு, பாதி இலை சிவப்பாம். ஏழேகால் மணிக்கு ஒரு பெண்மான் வந்தது. அறுபது மீட்டர் இருக்கும். மகள் மூச்சை அடக்கினாள், அழுத்தினாள். அழுத்துகிற நேரத்தில் மான் ஒரு அடி முன்னால் வைத்தது. அந்த ஒரு அடிதான்.

மான் முதுகை வளைத்தது. வாலைத் தொங்கவிட்டுக்கொண்டு நடந்து போனது.

நான் பார்த்தேன். பார்த்தும் என்ன சொன்னேன் தெரியுமா? "பட்டுடுச்சு, வா, இறங்கு!" மகள் அசையவில்லை. "அப்பா, காப்பி?" என்றாள். நான் அதற்குள் ஏணியில் பாதி இறங்கிவிட்டேன். பெற்ற பெண்ணின் முதல் மான், ஓடிப்போய் எடுத்துக் கையில் கொடுக்க வேண்டும் என்று ஒரு பைத்தியம். பத்து நிமிஷம்கூட ஆகியிருக்காது. பட்ட இடத்தில் கொஞ்சம் வெள்ளை முடி கிடந்தது. வயிற்றுப் பக்கத்து முடி. அதையும் பார்த்தேன். மகள் ஒரு சருகை எடுத்து மோந்துவிட்டு மூக்கைச் சுளித்தாள். நான் வாங்கி மோந்துகூடப் பார்க்கவில்லை. நூற்றைம்பது அடி போயிருப்போம். முன்னால் புதருக்குள் தடதடவென்று சத்தம். அவ்வளவுதான். போய்ப் பார்த்தால் ஒரு தாம்பாளத் தட்டு அளவுக்குச் சருகு அழுந்திக் கிடந்தது. கை வைத்தால் இன்னும் சூடு. மான் படுத்திருந்த இடம். நாங்கள் எழுப்பிவிட்டோம்.

வீட்டுக்குப் போனோம். அவள் அம்மா இட்லி வைத்தாள், மகள் தொடவில்லை. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டு அழுதாள். வெளியே வந்து, "அப்பா, அதுக்கு இப்ப வலிக்குதா?" என்றாள். வலிக்கும்மா என்றேன். வேறு என்ன சொல்வது? "நாமதானே ரெண்டாவது தடவை ஓட வெச்சோம்?" நாம இல்லை, நான் என்றேன். அவள் பதில் சொல்லவில்லை. ஆமாம் என்றாவது சொல்லியிருக்கலாம்.

பெரியவருக்குப் போன் செய்தேன். திட்டுவார் என்று பார்த்தேன். "இரண்டரை மணிக்கு முன்னால் போகாதே. மூக்குச் சிந்தும் காகிதம் வேண்டாம், கழிப்பறைக் காகித உருளை எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார். நவம்பரில் அங்கே நாலரைக்கெல்லாம் சூரியன் விழுந்துவிடும். ராத்திரி பனி பெய்யும் என்று ரேடியோவில் வேறு சொல்கிறார்கள். பெய்தால் இருக்கிற தடமும் மூடிவிடும். கொயோட்டி என்று நரி மாதிரி ஒன்று உண்டு, அது மோப்பம் பிடித்துவிடும். போகவும் கூடாது, போகாமலும் இருக்க முடியாது. அந்த ஏழு மணி நேரம் மாதிரி ஒரு நேரத்தை நான் பிரசவ ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் பார்த்திருக்கிறேன்.

இரண்டரைக்குக் கிளம்பினோம். இப்போது முன்னால் மகள், பின்னால் நான். ஒவ்வொரு சொட்டுக்கும் ஒரு துண்டுக் காகிதம். மழை பெய்தால் கரைந்துவிடும், குப்பை சேராது, அதற்குத்தான் அந்தக் காகிதம். பத்துத் துண்டு வைத்துத் திரும்பிப் பார்த்தால் மான் போன திசை கோடு மாதிரி தெரியும். அவள் முட்டி போட்டுக்கொண்டே போனாள். காய்ந்த ரத்தம் சிவப்பாக இருக்காது. பஸ் ஸ்டாண்டு சுவரில் பழைய வெற்றிலைக் கறை இருக்குமே, அந்த நிறம். எனக்குச் சருகெல்லாம் ஒரே சருகு. அவள், "இங்க ஒண்ணு. இல்லப்பா, அது இலையோட புள்ளி. இதோ, இது", என்று சொல்லிக்கொண்டே போவாள். ஒரு இடத்தில் சுத்தமாக நின்றுவிட்டது. கால் மணி நேரம் ஒன்றும் இல்லை. கடைசிச் சொட்டின் பக்கத்தில் என்னை நிறுத்திவிட்டு, அவள் வட்டம் போட்டாள். சின்ன வட்டம், அப்புறம் பெரிய வட்டம். தரையில் இல்லை, கிடைத்தது புல் தண்டில், அவள் இடுப்பு உயரத்தில். மான் உரசிக்கொண்டு போனபோது ஒட்டியது. நின்றுகொண்டு குனிந்து பார்க்கிற எனக்கு அது ஆயுசுக்கும் கிடைத்திருக்காது.

தடம் போய் ஒரு கம்பி வேலியில் நின்றது. கம்பியில் நாலு முடி. அந்தப் பக்கம் வேறு ஒருவர் நிலம். நம்முடைய காயம்பட்ட மான் போயிருக்கிறது என்பதற்காக நுழைந்துவிட முடியாது, உடையவரைக் கேட்க வேண்டும். துப்பாக்கியை வண்டியில் பூட்டிவிட்டுச் சுற்றிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனோம்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். நம் அகப்பாடல் மரபில் 'கலைமான் வினாதல்' என்று ஒரு துறையே உண்டு. தலைவன் தினைப்புனத்துக்கு வந்து, "என் அம்பு பட்ட கலைமான் ஒன்று இந்தப் பக்கம் வந்ததா?" என்று கேட்பான். மானும் கிடையாது, அம்பும் கிடையாது. பெண்ணிடம் பேச்சுக் கொடுக்க ஒரு சாக்கு. தோழிக்கும் அது தெரியும். கல்லூரியில் தமிழ் ஐயா இதை நடத்தியபோது வகுப்பே சிரித்தது. அந்த ஊர் வாசற்படியில் நின்றபோதுதான் எனக்குப் பட்டது: அது நம்பும்படியான சாக்கு. மலைக்காட்டில் நிஜமாகவே அப்படிக் கேட்டுக்கொண்டு வந்தவர்கள் இருந்திருக்க வேண்டும், அதனால்தானே பொய் சொல்கிறவனும் அதைச் சொன்னான்! எங்கே விட்டேன்? ஆமாம், வாசற்படி. முட்டியெல்லாம் சேறு, ரோஸ் சட்டை, தலையில் சருகு. கதவைத் தட்டி என் மகள் அதே கேள்வியைக் கேட்டாள்.

கையில் மாவோடு ஒரு அம்மாள் வந்தார். மான் எதுவும் பார்க்கவில்லை என்றார். ஆனால் மத்தியானத்திலிருந்து நாய் குளத்துப் பக்கம் பார்த்தே குரைத்துக்கொண்டிருக்கிறது, போய்ப் பாருங்கள் என்றார்.

குளக்கரையில் சம்புப் புதர். காயம்பட்ட மான் தண்ணீரைத் தேடிப் போகும் என்று பெரியவர் சொல்லியிருக்கிறார். வெளிச்சம் மங்கிக்கொண்டு வந்தது. மகள் என் கையைப் பிடித்து இழுத்தாள். சம்புக்கு நடுவில் வெள்ளையாக ஒரு கையளவு. வயிறு. நேராகப் போகக் கூடாது, முதுகுப் பக்கமாகப் போய் நீளக் குச்சியால் கண்ணைத் தொட்டுப் பார்க்க வேண்டும். கண் மூடியிருந்தால் இன்னும் உயிர் இருக்கிறது, திறந்திருந்தால் போய்விட்டது. தூக்கத்துக்கு நேர் எதிர். திறந்திருந்தது. அசையவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து காதை மட்டும் தொட்டாள். "சில்லுனு இருக்குப்பா" என்றாள். அப்புறம் மானைப் பார்த்து மெதுவாக ஏதோ சொன்னாள். என்னவென்று நான் கேட்கவில்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு விரல் காட்டுகிறார்கள். இரண்டு நிமிஷமாம். நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டும் என்று குறிப்பெல்லாம் எழுதி வந்தேன். கயிற்றில் பிடித்தபடி காயத்தடத்தை மோப்பம் பார்க்கும் நாய்கள் உண்டு. குட்டைக்கால், முரட்டு முடி டாக்ஸ்ஹண்ட். ஒரு நாள் பழைய தடத்தைக்கூட எடுக்கும். மானை எடுத்த மறுநாள் சாயங்காலம் ஐந்து மணிக்குள் அரசாங்கத்தில் பதிவு செய்ய வேண்டும், போனிலேயே முடியும். இன்னொன்று, அந்த மாநிலத்து மான்களிடம் 2002-இல் மூளையை அரிக்கும் ஒரு நோய் கண்டுபிடித்தார்கள். கழுத்திலிருந்து நிணநீர்க் கணு எடுத்துச் சோதனைக்குக் கொடுத்தால் இரண்டு வாரத்தில் பதில் வரும். அதுவரை கறி ஃப்ரீசரில். ஆமாம், அதற்கும் காத்திருக்கத்தான் வேண்டும். எங்களுடையதற்கு நோய் இல்லை என்று வந்தது. அவள் அம்மா மிளகு போட்டு வறுத்தாள். மகள் சாப்பிட்டாளா என்று... ஒரு விரல் காட்டுகிறார்கள். சாப்பிட்டாள், இரண்டு துண்டு. அடுத்த நவம்பரில் பரண் ஏறும்போது பிளாஸ்க்கை அவளே தன் பையில் போட்டுக்கொண்டாள், என்னிடம் தரவில்லை. நன்றி, வணக்கம்.