தீர்ப்பைத் தேடுகிறவர்கள் கவனிக்க

நேயர்களுக்கு வணக்கம்.

அப்பாவின் பூர்வீகச் சொத்தில் மகளுக்குப் பங்கு உண்டா? வழக்கறிஞர்களைத் தேடி வரும் பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. இப்போதெல்லாம் பலர் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். “எங்கப்பா 2005க்கு முன்னாடியே இறந்துட்டார், அதனால எனக்குப் பங்கு இல்லையாம், சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு” என்று ஒரு தீர்ப்பை எடுத்துக் காட்டுவார்கள். அது உண்மையான தீர்ப்புதான். 2015இல் வந்த பிரகாஷ் எதிர் பூலவதி வழக்கு. ஆனால் 2020 ஆகஸ்ட் 11 அன்று வினீதா சர்மா வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்துவிட்டது. மகளுக்குப் பிறப்பாலேயே பங்கு உண்டு, இந்து வாரிசுரிமைச் சட்டத் திருத்தம் நடைமுறைக்கு வந்த 2005 செப்டம்பர் 9 அன்று அப்பா உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்பதுதான் இன்றைய நிலை. 2004 டிசம்பர் 20க்கு முன்பே முறைப்படி பாகப்பிரிவினை முடிந்திருந்தால் மட்டும் அதைக் கலைக்க முடியாது.

பழைய தீர்ப்பைப் படித்துவிட்டு உரிமையே இல்லை என்று ஒரு பெண் திரும்பிப் போய்விடக் கூடாது. அந்தக் கவலையில்தான் இன்றைக்குப் பேச வந்திருக்கிறேன்.

இந்தியன் கானூன் இணையதளம் 2008 முதல் இருக்கிறது. கட்டணமில்லாமல் தீர்ப்புகளைப் படிக்கலாம். அங்கே கேள்வியை மட்டும் தட்டிவிட்டு முதலில் வருவதைப் படிக்காதீர்கள். எந்த நீதிமன்றம், எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதிவரை என்று குறுக்க வசதி இருக்கிறது. முதலில் உச்ச நீதிமன்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு, புதியது முதலில் வரும்படி வரிசைப்படுத்துங்கள். அடுத்து சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போங்கள். நம் மாநிலத்துக்கு இது மிகவும் முக்கியம். தமிழ்நாடு 1989லேயே திருமணமாகாத மகள்களுக்குப் பங்கு கொடுத்துவிட்டது. அதனால் தேதி வைக்காமல் தேடினால் 1989க்கு முந்தியது, அதற்குப் பிந்தியது, 2005க்குப் பிந்தியது என மூன்று காலத்துத் தீர்ப்புகளும் கலந்து வரும். எது உங்களுக்குப் பொருந்தும் என்று தெரியாமல் திணறுவீர்கள்.

தீர்ப்பு கிடைத்ததும் வேலை முடிந்துவிடவில்லை. அதைப் பின்னால் எந்தெந்த வழக்குகளில் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று அதே பக்கத்தில் ஓர் இணைப்பு இருக்கும். அதைத் தொட்டுப் பாருங்கள். பூலவதி வழக்கில் அதைத் தொட்டிருந்தால் வினீதா சர்மா வழக்கு கண்ணில் பட்டிருக்கும்.

குற்ற வழக்குகளில் இன்னொரு சிக்கல். 2024 ஜூலை 1 முதல் சட்டப் பிரிவுகளின் எண்கள் மாறிவிட்டன. பழைய இந்திய தண்டனைச் சட்டத்தில் கொலைக்கான 302, அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 103 ஆகிவிட்டது. 482 என்று தேடுகிறவர்கள் இன்னும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 482 என்றால் வழக்கை ரத்து செய்யக் கேட்பது. அதற்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 482 என்றால் முன்ஜாமீன். எண்ணோடு சட்டத்தின் பெயரையும் சேர்த்துத் தேடினால்தான் சரியானது கிடைக்கும்.

நிலுவையில் உள்ள வழக்கின் விவரம் வேண்டுமென்றால், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளம். ஒவ்வொரு வழக்குக்கும் தனியாகத் தரப்படும், எழுத்தும் எண்ணுமாகப் பதினாறு இடம் கொண்ட சி.என்.ஆர். எண் கையில் இருந்தால் நேராகப் போய்விடலாம். இல்லையென்றால் பெயரை வைத்துத் தேட வேண்டும். நம் ஆட்கள் சிரமப்படுவது இங்கேதான். சுப்பிரமணியன் என்ற பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு மாதிரி எழுதுகிறோம். வழக்கைத் தாக்கல் செய்தவர் எப்படி எழுதினாரோ அப்படித்தான் பதிவில் இருக்கும். முழுப் பெயரைத் தட்டாமல் ‘சுப்ர’ என்ற அளவுக்கு ஆங்கிலத்தில் கொடுத்துப் பாருங்கள். எதிர்த்தரப்பின் பெயரிலும் தேடுங்கள். நிலுவை, முடிந்தது, இரண்டும் என்று கேட்கும் இடத்தில் இரண்டையும் தேர்ந்தெடுங்கள். நிலுவையை மட்டும் பார்த்துவிட்டு வழக்கே இல்லை என்று முடிவு கட்டுகிறவர்கள் நிறைய. தென் மாவட்டத்துக்காரர்கள் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைத் தேர்ந்தெடுக்க மறக்கக் கூடாது. 2004இல் தொடங்கிய அந்தக் கிளையின் வழக்கு எண்களில் எம்.டி. என்ற இரண்டு எழுத்து இருக்கும்.

ஆங்கிலம் தடையாக இருந்தால், உச்ச நீதிமன்றத்தின் பல தீர்ப்புகள் தமிழாக்கமாகவும் அந்த நீதிமன்றத்தின் இணையதளத்தில் கிடைக்கின்றன. படித்துப் புரிந்துகொள்ள அது போதும். சட்டப்படி செல்வது ஆங்கில மூலம்தான்.

இவ்வளவும் தேடி எடுத்த பிறகு வழக்கறிஞர் வைக்க வசதியில்லை என்று எந்தப் பெண்ணும் நின்றுவிட வேண்டாம். 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12ஆவது பிரிவின்படி, வருமானம் எவ்வளவு இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி பெறும் உரிமை உண்டு. அழைக்க வேண்டிய எண் 15100.

வணக்கம்.