விண்டோஸ் பக்கத்திலேயே லினக்ஸ்: முதல் டூயல் பூட்

[திரையில்: மேசை மேல் ஒரு பழைய லேப்டாப். ஒரு கை மூடியைத் திறக்கிறது.]

இந்த லேப்டாப்பில் இருப்பது ஏழாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ராம். பேட்டரியைத் தவிர இதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் விண்டோஸ் 11 முறைப்படி இதில் ஏறாது. இன்டெல் சிப் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் அனுமதி. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவோ 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நல்ல மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை. அதற்காக விண்டோஸை முழுசாக விட்டுவிடவும் முடியாது. கணக்கு எழுதும் டேலி அதில்தான் ஓடுகிறது. அதனால் இரண்டும் இருக்கட்டும். டேலிக்கு விண்டோஸ், இணையத்துக்கும் மற்ற எல்லாவற்றுக்கும் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளம்.

ஒரே கணினியில் இரண்டையும் வைத்து, ஆன் செய்யும்போது ஒன்றைத் தேர்ந்தெடுப்பதற்குப் பெயர் டூயல் பூட். நம் ஊருக்கு இது புதுசு இல்லை. 2011-இல் தமிழக அரசு மாணவர்களுக்குக் கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு, இந்தியாவில் உருவான பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் "எது வேண்டும்" என்று கேட்கும் அந்தக் கறுப்புத் திரையைப் பலர் அதில்தான் முதலில் பார்த்தார்கள்.

சரி, எந்த லினக்ஸ்? உபுண்டு, ஃபெடோரா, டெபியன் என்று பட்டியல் நீளும். இதை ஒப்பிட்டு ஒப்பிட்டே மாதக்கணக்கில் எதையும் போடாமல் இருப்பவர்கள் உண்டு. முதல் தடவை என்றால் என் பதில் லினக்ஸ் மின்ட், அதில் சினமன் பதிப்பு. இடது கீழ் மூலையில் மெனு, வலது மூலையில் கடிகாரம், கைப்பழக்கம் மாறாது. மின்ட் 22, உபுண்டு 24.04-இன் மேல் கட்டப்பட்டது. 2029 வரை அப்டேட் வரும். உபுண்டுக்காக எழுதிய தீர்வுகளும் பெரும்பாலும் இதற்குச் சரிப்படும். ராம் 4 ஜிபிதான் என்றால் மின்டின் இலகுவான எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுங்கள்.

[திரையில்: விண்டோஸ் டெஸ்க்டாப்.]

இன்ஸ்டால் செய்வது இருபது நிமிட வேலை. கவனம் தேவைப்படுவது அதற்கு முன்னால், விண்டோஸுக்குள் செய்ய வேண்டிய வேலைகளில்.

படங்கள், கணக்கு, சான்றிதழ் எல்லாம் வெளி ஹார்டு டிஸ்கில் ஒரு பிரதி. இதைத் தவிர்க்கிற ஆளாக இருந்தால் வீடியோவை இங்கேயே நிறுத்திவிடலாம்.

அடுத்தது பிட்லாக்கர், விண்டோஸ் டிஸ்குக்குப் போடும் பூட்டு. "நான் அதைப் போடவே இல்லையே" என்பீர்கள். மைக்ரோசாஃப்ட் கணக்கோடு உள்நுழைந்த பல லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே பூட்டப்பட்டிருக்கும். பூட் அமைப்பில் கை வைத்ததும் 48 இலக்கச் சாவியைக் கேட்கும். எனக்கு அது நடந்தது இரவு பதினொரு மணிக்கு, தெரிந்தவர் ஒருவரின் லேப்டாப்பில். அவருக்குத் தன் கணக்கின் பாஸ்வேர்டே நினைவில் இல்லை. ஆகவே முதலில் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் அந்தச் சாவியைத் தேடிக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். டிஸ்கின் பூட்டை எடுத்துவிட்டால் இன்னும் சுலபம்.

அப்புறம் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். இது ஆனில் இருந்தால், ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுசாக அணையாது. பாதித் தூக்கத்தில் இருக்கும். அந்த நிலையில் லினக்ஸிலிருந்து சி டிரைவைத் திறந்தால் படிக்க விடும், எழுத விடாது. கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குப் போய் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

[திரையில்: டிஸ்க் மேனேஜ்மென்ட். சி டிரைவின் நீலப் பட்டை.]

இப்போது இடம் ஒதுக்க வேண்டும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக், டிஸ்க் மேனேஜ்மென்ட். சி டிரைவின் மேல் ரைட் கிளிக், ஷ்ரிங்க் வால்யூம். எவ்வளவு குறைக்க வேண்டும் என்று எம்பியில் கேட்கும். 60 ஜிபி வேண்டுமானால் 61440. 20 ஜிபியிலும் மின்ட் ஏறும், ஆனால் சீக்கிரமே மூச்சுத் திணறும். 200 ஜிபி காலியாக இருந்தும் சில சமயம் 10 ஜிபிதான் தருவேன் என்று அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத சிஸ்டம் கோப்பு ஏதோ நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். ஹைபர்னேஷன், பேஜ் ஃபைல், சிஸ்டம் ரீஸ்டோர் மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ரீஸ்டார்ட் செய்து மறுபடி பாருங்கள். முடிந்ததும் நீலப் பட்டைக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரியும். அது மின்டின் இடம். அதில் எதையும் ஃபார்மேட் செய்யாமல் அப்படியே விடுங்கள்.

[திரையில்: ரூஃபஸ் ஜன்னல்.]

மின்ட் தளத்திலிருந்து ஐஎஸ்ஓ கோப்பை, அதாவது மொத்த மின்டும் அடங்கிய ஒற்றைக் கோப்பை இறக்கி, ரூஃபஸ் என்ற மென்பொருள் மூலம் 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். பென் டிரைவில் இருப்பதெல்லாம் போய்விடும், ஞாபகம் இருக்கட்டும். ரீஸ்டார்ட் செய்து, டெல் லெனோவா என்றால் எஃப்12, ஹெச்பி என்றால் எஃப்9 தட்டிப் பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள்.

மின்ட் நேரடியாகப் பென் டிரைவிலிருந்தே ஓடும். உடனே இன்ஸ்டாலைத் தொடாதீர்கள். வைஃபை வருகிறதா, சத்தம் கேட்கிறதா, மூடியை மூடித் திறந்தால் எழுந்திருக்கிறதா என்று அரை மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வைஃபை வரவில்லை என்றால் போனை யுஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் போட்டால் போதும். நெட் வந்துவிடும், டிரைவரையும் இறக்கிக்கொள்ளலாம்.

[திரையில்: இன்ஸ்டால் வகை கேட்கும் பக்கம்.]

மொத்த வேலையிலும் பயப்பட வேண்டிய பக்கம் இது ஒன்றுதான். "இன்ஸ்டால் அலாங்சைடு விண்டோஸ் பூட் மேனேஜர்" என்பது நமக்கு வேண்டியது. அதற்குக் கீழே "இரேஸ் டிஸ்க்" என்று ஒன்று இருக்கும். அதைத் தொட்டால் விண்டோஸ், கோப்புகள் எல்லாம் காலி. முதல் வரி வரவே இல்லையா? டிஸ்கையே காட்டவில்லையா? பின்வாங்குங்கள். பென் டிரைவ் பழைய லெகசி முறையில் பூட் ஆகியிருக்கலாம், அல்லது பயாஸில், அதாவது விண்டோஸ் திறக்கும் முன் போகக்கூடிய மதர்போர்டு அமைப்பில், டிஸ்க் ரெய்ட் முறையில் இருக்கலாம். ரெய்டை மாற்றப் போனால் விண்டோஸ் பூட் ஆகாமல் போகக்கூடும், அதனால் அவசரப்படாதீர்கள். எல்லாம் சரி என்றால், எந்தப் பகுதி ஃபார்மேட் ஆகப்போகிறது என்று கடைசியாக ஒருமுறை காட்டும். அங்கே புதிதாக ஒரு இஎக்ஸ்டி4, அதாவது லினக்ஸ் வகைப் பகுதி, மட்டும் இருக்க வேண்டும். என்டிஎஃப்எஸ் என்ற சொல் கண்ணில் பட்டால் அது விண்டோஸின் பகுதி, உடனே கேன்சல்.

நடுவில், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் செக்யூர் பூட்டுக்காக ஒரு பாஸ்வேர்டு வைக்கச் சொன்னால், அதை மறந்துவிடாதீர்கள். ரீஸ்டார்ட்டில் நீலத் திரை வரும். "என்ரோல் எம்ஓகே" தேர்ந்தெடுத்து அதே பாஸ்வேர்டை அடிக்க வேண்டும்.

[திரையில்: க்ரப் மெனு. அப்புறம் விண்டோஸ் கடிகாரம், காலை 4.30.]

இனி ஆன் செய்ததும் க்ரப் மெனு வரும். மின்டா விண்டோஸா, தேர்ந்தெடுக்கலாம். மின்டிலிருந்து விண்டோஸுக்குப் போனதும் கடிகாரம் ஐந்தரை மணி நேரம் பின்னால் நிற்கும். காலை பத்து மணிக்கு 4.30 என்று காட்டும். மதர்போர்டு கடிகாரத்தை லினக்ஸ் உலக நேரமாகப் படிக்கிறது, விண்டோஸ் உள்ளூர் நேரமாகப் படிக்கிறது, அவ்வளவுதான் தகராறு. மின்டில் டெர்மினலைத் திறந்து, இப்போது திரையில் தெரியும் ஒரே வரியை அடித்தால் அதுவும் உள்ளூர் நேரத்துக்கு வந்துவிடும்.

பிடிக்கவில்லை, மின்டை எடுத்துவிடலாம் என்று தோன்றினால், விண்டோஸிலிருந்து அந்தப் பகுதியைச் சட்டென்று அழித்துவிடாதீர்கள். க்ரப்பின் கோப்புகளும் அதற்குள்தான் இருக்கின்றன. அடுத்த தடவை ஆன் செய்தால் கறுப்புத் திரையில் வெறும் கர்சர் மின்னும். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை மேலே ஏற்றி, விண்டோஸ் நேராகத் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், அப்புறம் அழிக்கலாம்.