டிவிடி மெனு காட்டாத காட்சிகள்: எங்கே ஒளிந்திருக்கின்றன, எப்படிப் பார்ப்பது?

[திரையில்: மேசைமேல் பரப்பிய டிவிடி உறைகள். ஒரு கை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்கிறது.]

வணக்கம் மக்களே! உங்கள் வீட்டு டிவி அலமாரியின் கீழ்த்தட்டில் கொஞ்சம் டிவிடிகள் கிடக்கும். சிராங்கூன் சாலைக் கடைகளிலோ முஸ்தஃபா சென்டரிலோ அப்பா வாங்கியது, தீபாவளி நேரத்தில் யாரோ கொடுத்தது, அப்படி. அதில் ஒன்றிலாவது நீங்கள் இன்றுவரை பார்க்காத காட்சி ஒன்று இருந்தாலும் இருக்கும். படத்தை இருபது தடவை பார்த்திருப்பீர்கள், ஆனால் அந்தக் காட்சியை மட்டும் பார்த்திருக்க மாட்டீர்கள், ஏனென்றால் மெனுவில் அதற்கு வழியே இல்லை. அதைத் தேடி எடுத்து ஓட்டுவது எப்படி என்பதுதான் இன்றைக்கு. கடைசிவரை இருங்கள், இந்த வேட்டை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.

வரலாற்றை ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன். டிவிடி 1996 நவம்பரில் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதற்கு முன் நம் வீடுகளில் விசிடி, ஒரு தட்டில் 74 நிமிடம்தான் கொள்ளும், ஒரு தமிழ்ப் படத்துக்கு இரண்டு மூன்று தட்டு, சண்டை சூடு பிடிக்கிற நேரத்தில் எழுந்துபோய் மாற்ற வேண்டும். டிவிடியில் ஓர் அடுக்குத் தட்டு 4.7 ஜிபி, ஈரடுக்குத் தட்டு 8.5 ஜிபி. படம் போக மிச்ச இடம் இருந்தது, அதில் மற்றதையெல்லாம் போட்டார்கள். அவ்வளவுதான் வரலாறு.

[திரையில்: ஒரு தட்டின் மெனு. பக்கத்தில் 1, 2, 3, 4, 5 என்று எண்கள் வரிசையாக வருகின்றன.]

இப்போது விஷயத்துக்கு வருவோம். டிவிடிக்குள் இருக்கும் ஒவ்வொரு வீடியோவுக்கும் ஓர் எண் உண்டு, அதை டைட்டில் என்பார்கள். படம் ஒரு டைட்டில், டிரெய்லர் ஒரு டைட்டில், நீக்கப்பட்ட காட்சிகள் இன்னொன்று. ஒரு தட்டில் 99 டைட்டில் வரை வைக்கலாம். மெனு இந்த எண்களில் சிலவற்றுக்குத்தான் வழி காட்டும்.

சிங்கப்பூரின் பழைய வீவக அடுக்குமாடி புளோக்குகளில் லிஃப்ட் எல்லா மாடியிலும் நிற்காது, நினைவிருக்கிறதா? லிஃப்ட் மேம்பாட்டுத் திட்டம் வருவதற்கு முன்னால் சில மாடிகளில் மட்டும்தான் கதவு திறக்கும், ஐந்தில் நிற்கும், ஆறில் நிற்காது, ஆறாம் மாடிப் பாட்டி காய்கறிப் பையோடு ஐந்தில் இறங்கிப் படியேறுவார். லிஃப்ட் நிற்காததால் ஆறாம் மாடியில் வீடே இல்லை என்று ஆகிவிடுமா? டிவிடி மெனுவும் அந்த லிஃப்ட்தான். டைட்டில் எண்ணைக் கொடுத்துப் போவது படியேறிப் போவது. இந்த வீடியோவில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: மெனுவை நம்பாதீர்கள், எண்ணைத் தட்டுங்கள்.

வீட்டில் பிளேயர் இருந்தால் முதலில் ரிமோட்டை எடுங்கள். சர்ச் அல்லது கோ டு என்று ஒரு பொத்தான் இருக்கும், அதை அழுத்தி டைட்டில் எண்ணை மாற்றிப் பாருங்கள். சில பிளேயர்களில் படத்தை நிறுத்திவிட்டு எண்ணை அழுத்தினாலே போதும். திரையில் தடை அடையாளம் வந்தால் பிளேயர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம், அந்த இடத்தில் அந்தப் பொத்தான் வேலை செய்யக் கூடாது என்று தட்டிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். படத்துக்கு முன்னால் வரும் விளம்பரத்தைத் தள்ள முடியாமல் தவித்தோமே, அதற்கும் இதுதான் காரணம். எனக்கு அது இன்றுவரை பிடிக்காது. காசு கொடுத்து வாங்கிய தட்டில் எதைத் தள்ள வேண்டும் என்பதை வாங்கியவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இந்தத் தடை வந்தால் கணினிக்குப் போய்விடுங்கள்.

[திரையில்: மடிக்கணினி, பக்கத்தில் யுஎஸ்பி டிவிடி டிரைவ்.]

இப்போதைய மடிக்கணினிகளில் டிரைவ் கிடையாது, அதனால் யுஎஸ்பியில் செருகும் டிரைவ் ஒன்று வேண்டும். சிம் லிம் ஸ்குவேர் மின்னணுக் கடைகளில் கேட்டுப் பாருங்கள், பழைய பொருள் விற்கும் கேரோசல் தளத்தில் பழையதும் கிடைக்கும். விண்டோஸ் 8-இலிருந்து கணினியோடு டிவிடி ஓட்டும் வசதி வருவதில்லை, ஆகவே விஎல்சி என்ற இலவச மென்பொருளை இறக்கிக்கொள்ளுங்கள். அதில் மீடியா, அப்புறம் ஓப்பன் டிஸ்க். அங்கே "மெனு வேண்டாம்" என்று ஒரு கட்டம் இருக்கும், அதில் டிக் போடுங்கள். கீழே டைட்டில் எண் கேட்கும். 1 என்று போட்டு ஓட்டுங்கள், பிறகு 2, பிறகு 3. தட்டு ஓடும்போதே மேலே உள்ள பிளேபேக் பட்டியலில் டைட்டில் என்பதைத் திறந்தால் மொத்த எண்களும் வரிசையாகத் தெரியும். சில தட்டுகளில் நகல் எடுப்பதைத் தடுக்க வெற்று டைட்டில்களைப் போட்டு நிரப்பி வைத்திருப்பார்கள், பட்டியல் நீளமாக இருந்தால் மிரளாதீர்கள்.

என் மாமா வீட்டுப் பழைய தமிழ்ப் படத் தட்டு ஒன்றை இப்படித்தான் திறந்தேன். மெனுவில் இருந்தது மூன்றே மூன்று: படம், காட்சிகள், பாடல்கள். இந்தப் பாடல்கள் பகுதி இருக்கிறதே, அது நம் படத் தட்டுகளுக்கே உரிய அழகு, கதையை விட்டுவிட்டுப் பாட்டுக்கு மட்டும் நேராகப் போகலாம். மாமா வீட்டில் அந்தத் தட்டைப் பாட்டுக்காக மட்டுமே போட்டிருக்கிறார்கள். ஆனால் டைட்டில் பட்டியலில் நான்காவதாக ஒன்று இருந்தது. ஓட்டினேன். பாட்டுப் படப்பிடிப்பு. இசை இல்லை, குரல் இல்லை, நடன மாஸ்டர் ஒன் டூ த்ரீ ஃபோர் என்று எண்ணுவதும் தரையில் கால்கள் தட்டுவதும் மட்டும் கேட்கிறது. ஓரத்தில் ஒருவர் குடையை மடக்கிக்கொண்டே ஃபிரேமை விட்டு ஓடுகிறார். மாமா எழுந்து வந்து டிவிக்குப் பக்கத்திலேயே நின்றுவிட்டார். "இது எங்கடா இருந்துச்சு?" என்று கேட்டார். இத்தனை வருடமாக அவர் அலமாரியில்தான் இருந்தது.

[திரையில்: டிவிடி மெனு. அம்புக்குறி நகர்கிறது, ஒரு மூலையில் சின்னதாக ஒரு படம் ஒளிர்கிறது.]

அடுத்தது வேண்டுமென்றே ஒளித்து வைத்தவை. ஈஸ்டர் எக் என்பார்கள். இதைப் பற்றி இன்னும் ஒரு மணி நேரம்கூடப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மெனுவில் நீங்கள் பார்க்கும் பொத்தான்கள் படத்தோடு வரைந்தவை அல்ல. பின்னால் ஒரு படம், அதன்மேல் பொத்தான்களுக்கென்று தனியாக ஒரு படலம். ஒரு மெனுவில் 36 பொத்தான் வரை வைக்கலாம், ஒவ்வொரு பொத்தானுக்கும் மேலே அழுத்தினால் எங்கே போக வேண்டும், இடப்பக்கம் அழுத்தினால் எங்கே போக வேண்டும் என்று தனித்தனியாகச் சொல்லி வைக்கலாம். அப்படியென்றால் கண்ணுக்கே தெரியாத பொத்தான் ஒன்றை ஓரத்தில் வைத்து, குறிப்பிட்ட ஓர் இடத்திலிருந்து இடப்பக்க அம்பை அழுத்தினால் மட்டும் அங்கே போகும்படி செய்யலாம், இல்லையா? செய்தார்கள். ஆகவே ரிமோட்டில் எந்த மெனுவிலும் நான்கு அம்புகளையும் அழுத்திப் பாருங்கள், போக இடமே இல்லாத பக்கமாகவும் அழுத்துங்கள். ஒளிர்வு திடீரென்று காணாமல் போனால் பிடித்துவிட்டீர்கள், உடனே எண்டர்.

கணினியில் இது இன்னும் சுலபம். மெனுவோடு ஓட்டுங்கள், மவுஸை மெனுப் படத்தின்மேல் மெதுவாக நகர்த்துங்கள். ஒன்றுமே இல்லாத இடத்தில் ஏதாவது ஒளிர்ந்தால் அங்கே கிளிக் செய்யுங்கள்.

இதைவிட வியப்பு ஒன்று சொல்கிறேன். டிவிடி பிளேயருக்கு ஞாபகம் உண்டு. தட்டு ஓடும்போது அது பயன்படுத்திக்கொள்ள 16 நினைவு அறைகள் இருக்கின்றன, ஒவ்வொன்றிலும் 0 முதல் 65535 வரை ஓர் எண்ணை வைக்கலாம். நீங்கள் எதை அழுத்தினீர்கள் என்று குறித்துக்கொள்ளும், ஒப்பிட்டுப் பார்க்கும், அதற்கேற்ப வேறு இடத்துக்குத் தாவும். தட்டை வெளியே எடுத்தால் எல்லாம் மறந்துவிடும். இவ்வளவு சின்ன ஞாபகத்தை வைத்துக்கொண்டு என்ன செய்துவிட முடியும் என்று கேட்பீர்கள்.

கிறிஸ்டோபர் நோலனின் மெமெண்டோ படத்துக்கு 2002-இல் இரண்டு தட்டுப் பதிப்பு ஒன்று வந்தது. படம் பின்னிருந்து முன்னாகக் கதை சொல்லும் படம், தெரியும்தானே. அந்தப் பதிப்பின் மெனு முழுக்க மனநலச் சோதனைக் கேள்வித்தாள்போல இருக்கும், எங்கே படம் இருக்கிறது என்றே தெரியாது. கேள்விகளுக்குச் சரியான விடைகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டே போனால், ஒரு பெண் கார் டயர் மாற்றும் படங்கள் கலைந்து வரும், அவற்றை வரிசைப்படுத்தச் சொல்லும். நேர் வரிசையில் வைத்தால் வேலைக்காகாது. தலைகீழ் வரிசையில் வைக்க வேண்டும். வைத்தால் முழுப் படமும் நேர்க்காலத்தில், முதலில் நடந்தது முதலில் என்று ஓடும்! பின்னோக்கி நகரும் படத்தை முன்னோக்கிப் பார்க்க, டயர் மாற்றுவதைப் பின்னோக்கி அடுக்க வேண்டும். இப்படி யோசித்தவருக்கு ஒரு கும்பிடு போட வேண்டும். ஸ்ட்ரீமிங்கில் இந்த அனுபவம் கிடைக்காது, அங்கே அழுத்துவதற்கு பிளே பொத்தானைத் தவிர என்ன இருக்கிறது?

மேட்ரிக்ஸ் டிவிடியில் வெள்ளை முயல் வசதியை முதலிலேயே போட்டுக்கொண்டால், படம் ஓடும்போது சில இடங்களில் திரையில் முயல் வரும். அப்போது எண்டர் அழுத்தினால் அந்தக் காட்சியை எடுத்த விதத்தைக் காட்டிவிட்டு மறுபடி படத்துக்கே கூட்டி வந்துவிடும்.

ஆடியோ பொத்தானையும் மறக்காதீர்கள். ஒரு டிவிடியில் 8 ஒலித்தடம் வரை வைக்கலாம், இரண்டாவதிலோ மூன்றாவதிலோ இயக்குநர் படம் முழுக்கப் பேசிக்கொண்டே வருவார். இந்தப் பழக்கம் டிவிடிக்கு முந்தியது, 1984-இல் கிரைட்டீரியன் நிறுவனம் கிங் காங் படத்தின் லேசர் டிஸ்க்கில் (டிவிடிக்கு முன்பிருந்த பெரிய படத் தட்டு) இதைத் தொடங்கி வைத்தது. ஆங்கிள் பொத்தானும் அப்படித்தான், ஒரே காட்சிக்கு 9 கோணம் வரை.

சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை, இதைக் கவனமாகக் கேளுங்கள். எந்த நாடுகளில் ஓட வேண்டும் என்று டிவிடிகளுக்கு வட்டார எண் உண்டு, நாம் இருப்பது வட்டாரம் 3. இந்தியா வட்டாரம் 5, அமெரிக்கா 1. வேறு வட்டாரத் தட்டைக் கணினியில் போட்டால் டிரைவின் வட்டாரத்தை மாற்றட்டுமா என்று கேட்கலாம். அவசரப்பட்டு சரி என்று அழுத்தாதீர்கள், பொதுவாக ஐந்து முறைதான் மாற்ற முடியும், ஐந்தாவது முறை எங்கே நிற்கிறதோ அங்கேயே பூட்டிக்கொள்ளும். உறையின் பின்பக்கம் உருண்டைப் படத்துக்குள் ஓர் எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். ஆல் என்றோ 0 என்றோ இருந்தால் கவலையில்லை.

[திரையில்: கருத்துப் பெட்டி.]

இன்றிரவே ஒரு தட்டை எடுத்து எண்களைத் தட்டிப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் படத்தின் பெயர், டைட்டில் எண், அதில் என்ன இருக்கிறது, மூன்றையும் கீழே எழுதுங்கள். தமிழ்ப் படத் தட்டுகளுக்கு இப்படி ஒரு பட்டியலை நான் எங்கும் பார்த்ததில்லை, நாமே போடலாம். உறையின் பின்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பினால் இன்னும் நல்லது, ஒரே படத்துக்கு இரண்டு மூன்று வெளியீடுகள் இருக்கும், ஒன்றில் இருப்பது மற்றதில் இருக்காது.