"ஒரு ஊசி போட்டு அனுப்பிடுங்க, டாக்டர்"

எல்லோருக்கும் வணக்கம்.

நான் வலி தணிப்பு மருத்துவம் பார்க்கிறவன். இந்தத் தலைப்பில் உள்ள வார்த்தையை, உயிரை முடித்துவிடச் சொல்லும் கோரிக்கையாக, பல தடவை கேட்டிருக்கிறேன். ஒரு பெரியவரைப் பற்றிச் சொல்கிறேன். வாயில் புற்றுநோய், கன்னம் உடைந்து புண்ணாகிவிட்டது. மார்ஃபினில் வலி அடங்கிய பிறகும் ஊசி கேட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "இப்ப எதுங்க ஐயா ரொம்பக் கஷ்டமா இருக்கு?" என்றேன்.

"நாத்தம். பேத்தி வாசலோட நின்னுடறா."

மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டினோம். சில நாளில் வாடை குறைந்தது. பேத்தி கட்டிலில் ஏறி உட்கார்ந்தாள். அப்புறம் அவர் ஊசி கேட்கவே இல்லை.

கருணைக்கொலை என்றதும் நாம் வலியைத்தான் பேசுகிறோம். அமெரிக்காவின் ஒரேகானில், மரணத்துக்கு மருந்து எழுதித்தர மருத்துவரை அனுமதிக்கும் சட்டம் 1997 முதல் நடப்பில் இருக்கிறது. கேட்டவர்கள் சொன்ன காரணங்களை அங்கே ஆண்டுதோறும் வெளியிடுகிறார்கள். வலி முதலிடத்தில் இல்லை. தன் காரியத்தைத் தானே பார்க்க முடியாமல் போவது, மானம் போவது, இவைதான் முன்னால் நிற்கின்றன. மருந்தை வாங்கி வைத்துவிட்டுக் கடைசிவரை தொடாதவர்களும் உண்டு.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பலன் தராத வென்டிலேட்டரை நோயாளியின் விருப்பப்படி எடுப்பது கொலை அல்ல. வலிக்கு அளவறிந்து மார்ஃபின் கொடுப்பதும் கொலை அல்ல. கொலையாகிவிடுமோ என்ற பயத்தாலேயே எத்தனையோ பேர் துடித்துச் சாகிறார்கள்.

சரி, எல்லாம் செய்து பார்த்தும் கேட்பவர்களுக்கு என்ன பதில்? தசைகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்துபோகும் இயக்க நரம்பணு நோய் வந்த ஓர் ஆசிரியை. பேச்சு போய்விட்டது, கண்ணசைவால் பலகையில் எழுத்தெழுத்தாகக் காட்டுவார். மனச்சோர்வு இல்லை, குடும்பம் கூடவே இருந்தது. ஆனாலும் மாதக்கணக்கில் ஒரே கோரிக்கை. நெதர்லாந்தில் 2002 முதல் இருக்கும் சட்டம், தாங்க முடியாத, தீர வழியில்லாத துன்பம் என்று சொல்வது இப்படிப்பட்டவர்களைத்தான். தனியாக இன்னொரு மருத்துவரும் பார்த்துக் கருத்துச் சொல்ல வேண்டும் என்கிறது. அந்த ஆசிரியை கேட்டது தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. என் கையால் செய்யவும் மனம் வரவில்லை. வலி தணிப்பே எட்டாத ஏழைக்கு முன்னால் சாவை மட்டும் நீட்டுகிற சட்டம் வந்துவிடுமோ என்ற அச்சமும் எனக்கு உண்டு. ஆனால் அந்த அச்சத்தின் விலையை அவர் அல்லவா கொடுத்தார்?

தினமும் போய் உட்கார்ந்தேன். கடைசி வாரத்தில் ஒருநாள் பலகையில் காட்டினார்: "கேட்டீர்கள். செய்யவில்லை."