வித்தியாசம் 100 மடங்கு, ஓட்டம் மட்டும் ஏன் குறைகிறது?

சரி, போன வீடியோவுக்கு வந்த கேள்வி இது: "செல் சவ்வுக்கு இரண்டு பக்கமும் உள்ள செறிவு வித்தியாசம் இரட்டிப்பானால் பொருள் கடக்கும் வேகமும் இரட்டிப்பாக வேண்டும்தானே, குளுக்கோஸுக்கு மட்டும் ஏன் வளைகோடு போட்டீர்கள்?"

ஆக்சிஜன் என்றால் நீங்கள் சொல்வது சரி. அது சவ்வின் கொழுப்பில் கரைந்து தானாகவே அந்தப் பக்கம் போய்விடும், அதற்கு 1855-இல் ஃபிக் என்ற விஞ்ஞானி எழுதிய நேர்கோடே (வித்தியாசம் எத்தனை மடங்கோ வேகமும் அத்தனை மடங்கு) போதும். குளுக்கோஸ் அப்படிப் போகாது. ஒரு கடத்திப் புரதம் அதைப் பிடித்து அந்தப் பக்கம் விட வேண்டும், அந்தப் புரதங்களோ எண்ணி வைத்த மாதிரிதான் இருக்கும். எல்லாமே கைநிறைய வைத்துக்கொண்டு நிற்கும்போது வெளியே இன்னும் எத்தனை வந்து நின்றாலும் என்ன ஆகப்போகிறது?

அதனால் ஒரு பக்கத்திலிருந்து போகும் வேகம் = உச்சவேகம் × செறிவு ÷ (கே + செறிவு). எல்லாக் கடத்திகளும் நிரம்பி ஓடும்போது கிடைப்பதுதான் உச்சவேகம். பாதி உச்சவேகம் எந்தச் செறிவில் கிடைக்கிறதோ அதுதான் கே. உள்ளேயிருந்து வெளியே திரும்புவதற்கும் இதையே எழுதிக் கழிக்க வேண்டும், பலரும் கோட்டை விடுவது இங்கேதான். கே 5 மில்லிமோலார் (செறிவை அளக்கும் அலகு) என்று சும்மா கணக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளியே 5, உள்ளே 2.5 என்றால் 0.50-இல் 0.33 போக, நிகர ஓட்டம் உச்சவேகத்தில் 0.17 பங்கு. இப்போது வெளியே 500, உள்ளே 250. 0.990-இல் 0.980 போகிறது, மிஞ்சுவது 0.01 மட்டும்! வித்தியாசம் 100 மடங்கு கூடியும் ஓட்டம் 17-இல் ஒரு பங்காகிவிட்டது. முதல் தடவை போட்டபோது கழித்தலில்தான் தப்பு என்று நினைத்து நான் மறுபடி போட்டுப் பார்த்தேன்.

இது வெறும் காகிதக் கணக்கு இல்லை. செம்மறி ஆட்டின் நஞ்சுக்கொடியில் குளுக்கோஸ் கடப்பதை வெறும் பரவலால், அதாவது கடத்தி இல்லாமல் தானாகக் கடப்பதால், விளக்க முடியவில்லை என்று 1952-இல் விடாஸ் என்ற ஆய்வாளர் காட்டினார், கடத்தியை வைத்துக் கணக்கும் போட்டார். நம் சிறுநீரகத்தில் இருப்பது சோடியத்தோடு சேர்த்து இழுக்கும் வேறு வகைக் கடத்தி, ஆனாலும் அதற்கும் ஓர் உச்சவேகம் உண்டு. இரத்தச் சர்க்கரை டெசிலிட்டருக்குச் சுமார் 180 மில்லிகிராமைத் தாண்டினால் சிறுநீரில் சர்க்கரை தெரிய ஆரம்பிப்பது அதனால்தான்.

அப்புறம் ஒன்று. செறிவு கே-யைவிட ரொம்பக் குறைவாக இருந்தால் இதே சூத்திரம் நேர்கோடு மாதிரியே தெரியும். அங்கேயே நாலு புள்ளி எடுத்துவிட்டு ஃபிக் பொருந்துகிறது என்று முடித்துவிடாதீர்கள், கே-க்கு மேலேயும் எடுங்கள்.