பிட்டுமாவோட ஜெர்மனிக்கு

வணக்கம் நேயர்களே. படிக்கவெண்டு வெளிநாடு போய் ஒரு குடும்பத்தோட தங்கப்போற எங்கட மட்டக்களப்பு, அம்பாறைப் பிள்ளைகளுக்காகத்தான் இண்டைக்கு கதைக்க வந்திருக்கன். நான் ஜெர்மனில அப்பிடி ஒரு வீட்டில இருந்தவள்.

போற நேரம் வீட்டுக்காரருக்கு குடு புள்ள எண்டு அம்மா பயத்தம் பணியாரம், தொதல் எல்லாம் கட்டித் தருவா. அது நல்லம்தான், ஆனா பெட்டியா குடுத்தா அவங்க சந்தோசமா வாங்கி அலுமாரில வைப்பாங்க, அதோட முடிஞ்சிரும். அவங்கட குசினிக்குள்ள நிண்டு சேர்ந்து சமைச்சுப் பாருங்க, அதுக்குப் பிறகு நீங்க அந்த வீட்டுப் பிள்ளைதான்.

நம்மட சட்டித் தயிர் கொண்டு போகேலாது, பால், இறைச்சிச் சாமானை எங்கட நாட்டில இருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள்ள விடமாட்டாங்க. பச்சைக் கறிவேப்பிலைக்கும் பூச்சி, நோய் இல்லையெண்ட சேர்டிபிகேட் வேணும், 2019 டிசம்பரில இருந்து சட்டம் அப்பிடி. தேங்காய்க்கு அது தேவையில்ல. கருவாடு சொந்தப் பாவனைக்கு விடுவாங்க, ஆனா குளிருக்கு ஜன்னல் எல்லாம் பூட்டிக் கிடக்கிற வீட்டில பொரிக்கிற வேலை வேணாம். கித்துள் பாணிப் போத்தலை பெரிய பேக்கில போடுங்க, கைப்பேக்கில 100 மில்லிக்கு மேல தண்ணிச் சாமான் விடுறது குறைவு.

நான் கொண்டு போனது வறுத்த சிவப்பரிசி மா. அங்க கனவீட்டில ராச்சாப்பாடு பாணும் சீஸும்தான், அடுப்பே பத்தவைக்க மாட்டாங்க, அதால ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிட்டு அவிப்பம் எண்டன். வீட்டுக்கார அம்மா தராசும் அளவுக் கோப்பையும் எடுத்து வச்சிட்டு எத்தின மில்லி தண்ணி எண்டு கேட்டா, நான் அவட கையைப் பிடிச்சு மாவுக்குள்ள வச்சன். பொத்திப் பிடிச்சா பிடிபடணும், விரலால தட்டினா உதிரணும், அதுதான் பதம். கொஞ்சம் கொஞ்சமா தெளிச்சு தெளிச்சு அவவே பதம் பிடிச்சிட்டா, அந்த முகத்தைப் பார்க்கணும் நீங்க! குழல் இல்ல, பானைக்கு மேல வடியை வச்சு துணி போட்டு அவிச்சம். பெரியாக்கள் இறால் கறியோட சாப்பிட்டாங்க, சின்னவன் கடைத் தயிரும் வாழைப்பழமும் பாணியும் போட்டுக் குழைச்சு கையாலயே சாப்பிட்டான்.

மறுகா ஒருநாள் அவங்க உருளைக்கிழங்கைத் துருவி அடை மாதிரி பொரிச்சு ஆப்பிள் மசியலோட தந்தாங்க, துருவினது நான்தான். இனிப்பும் உப்பும் சேர்ந்து அவ்வளவு ருசி.

ஒண்டு முக்கியம். சமைக்க முதல் ஒவ்வாமை இருக்கா எண்டு கட்டாயம் கேளுங்க, கஜு, இறால், மீன், பால் எல்லாம் சிலருக்கு உயிராபத்து. கறியில கஜு அரைச்சு விட்டா அது கண்ணுக்கே தெரியாது.

மாவை வறுத்து நல்லா ஆறவிட்டுத்தான் கட்டணும், சூட்டோட கட்டினா வியர்த்து பூஞ்சணம் பிடிச்சிரும். பேக்கட்டுக்கு மேல என்ன சாமான் எண்டு இங்கிலீசில எழுதி ஒட்டிவிடுங்க. நன்றி, வணக்கம்.