துருவம் நகரும் திசை

நண்பர்களே, "பனி உருகி பூமியின் அச்சே சாய்ந்துவிட்டதாமே, இனி பருவகாலமெல்லாம் தாறுமாறாகிவிடுமா?" என்று உள்ளே வரும்போது ஒருவர் கேட்டார். அந்தப் பயம் வேண்டாம். பருவகாலங்களைத் தரும் அந்த 23.4 பாகைச் சாய்வு இதனால் மாறவில்லை. அச்சு விண்வெளியில் பார்த்த திசையைத்தான் பார்க்கிறது. பூமியின் உடல்தான் அதன்மேல் லேசாகப் புரள்கிறது. அதனால் அச்சு தரையைத் துளைத்து வெளிவரும் புள்ளி, அதாவது துருவம், இடம் மாறுகிறது.

ஏன் புரள வேண்டும்? சுழலும் உருண்டை தன் பாரத்தை இடுப்புப் பக்கமே வைத்துக்கொள்ளப் பார்க்கும். உச்சியிலிருந்து சற்றுத் தள்ளி ஒரு விள்ளல் கிள்ளி எடுத்தால், பாரம் குறைந்த அந்த இடம் உச்சியை நோக்கி ஏறும். கிரீன்லாந்து அப்படிக் கிள்ளப்பட்ட இடம். அங்கே தரைமேல் கிடந்த பனி, நீராகி உலகக் கடலெங்கும் பரவிவிடுகிறது. வடதுருவக் கடலில் மிதக்கும் பனி உருகினாலோ ஒன்றும் ஆவதில்லை. அது ஏற்கெனவே கடலின் பாரம்தானே.

இந்த நகர்வை அளக்க 1899-இல் ஜப்பானின் மிசுசாவா உட்பட ஆறு இடங்களில், எல்லாம் வட அகலாங்கு 39 பாகை 8 கலையில் (ஒரு பாகைக்கு 60 கலை), தொலைநோக்கிகளை நிறுத்தினார்கள். இரவிரவாகத் தலைக்கு மேல் கடக்கும் நட்சத்திரங்களின் கோணத்தைக் குறிப்பதுதான் வேலை. அந்தக் கோணம் ஒரு விகலையில், அதாவது பாகையின் 3,600-இல் ஒரு பங்கில், பத்தில் ஒரு பங்கு பிசகினால், துருவம் 3 மீட்டர் நகர்ந்திருக்கிறது என்று பொருள். என்ன பொறுமை பாருங்கள்!

இருபதாம் நூற்றாண்டில் மொத்த நகர்வு சுமார் 10 மீட்டர். அதில் பழி முழுவதும் இன்றைய உருகலுக்கில்லை. பனியுகத்தில் அமுங்கிய வட அமெரிக்கத் தரை, ஆள் எழுந்துபோன மெத்தை மாதிரி இன்னும் மேலெழும்பிக்கொண்டிருக்கிறது. பூமிக்குள் சூடான பாறையின் மெதுவான ஓட்டமும் சேர்ந்திருக்கிறது. 2018-இல் வெளியான நாசா ஆய்வு இந்த மூன்றுக்கும் ஏறத்தாழ சமபங்கு கொடுத்தது.

சரி, அப்புறம் என்ன? கனடா பக்கமாகப் போய்க்கொண்டிருந்த துருவம், 2000-ஐ ஒட்டிக் கிழக்கே திரும்பியது. பனியோடு நிலத்தடி நீரும் இதில் கூட்டு. 1993 முதல் 2010 வரை நாம் உறிஞ்சிய சுமார் 2,150 கிகா டன் (ஒரு கிகா டன் நூறு கோடி டன்) நிலத்தடி நீர் மட்டுமே துருவத்தைக் கிட்டத்தட்ட 80 சென்டிமீட்டர் தள்ளியிருக்கிறது என்று 2023-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. அதுவும் கடைசியில் கடலுக்குத்தான் போய்ச் சேர்ந்தது.